போர்டில் பெயிண்ட் அடித்தது நான்தான்

பாபு, சொல்வது நான், எழுதுவது உன் அக்கா. நான் வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு போகிறேன், அவள் அதைப் படிக்கிற தமிழாக்கி எழுதுகிறாள். மாடியில் இருக்கிற அப்பன் கீழே இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுவதாவது என்று நீ சிரிக்கலாம். நேரில் சொல்லத்தான் வந்தேன். ஒரு தடவை நீ போனில் இருந்தாய். இன்னொரு தடவை, "இன்னா நைனா, சீக்கிரம் சொல்லு, கேஸ் வண்டி வந்துகீது" என்றாய். சீக்கிரம் சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது இல்லை. அதோடு நீ எழுதி வைத்ததைத்தான் நம்புகிற ஆள். அதனால் எழுதியே தருகிறேன். உன் ஹோட்டல் போர்டில் கறுப்பு பெயிண்ட் அடித்தது எந்த லாரிக்காரனும் இல்லை. நான்தான்.

இதைப் படித்ததும் மாடிக்கு ஓடிவந்து கத்தாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கத்து. இந்த மாதத்தோடு ஹோட்டலை மூடிவிட்டு துபாய்க்குப் போகிறேன் என்கிறாய். அங்கே யாருடைய ஹோட்டலிலோ சூப்பர்வைசர் வேலை தயாராக இருக்கிறது என்கிறாய். போவதற்கு நீ சொன்ன காரணம் அந்த பெயிண்ட். "சோறு போட்டவன் போர்டுலயே கரி பூசிட்டானுங்க, இவனுங்களுக்கு இன்னாத்துக்கு நான் கடை நடத்தணும்?" என்று நீ உன் அக்காவிடம் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது. தப்பான காரணத்தைச் சுமந்துகொண்டு நீ விமானம் ஏறக் கூடாது. நிஜமான காரணம் இருந்தால் ஏறு, நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த நிஜக் காரணம் எது என்று யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கும் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். நீ படித்தவன், உனக்காவது புரிகிறதா பார்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கடை போடப் போகிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் அங்கேதான் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். காலையில் வந்து நின்றவன் பொழுது சாய்ந்த பிறகுதான் துறைமுக கேட்டைக் கண்ணால் பார்ப்பான். சில நாள் அதுவும் இல்லை. அந்த வரிசையில் என் ஆயுசில் பாதி போயிருக்கிறது. எனக்கு எழுத்துத் தெரியாது, லைசென்ஸ் வாங்கியதுகூடக் கைநாட்டில்தான். ஆனால் லாரி வரிசையில் நிற்கிறவனைத் தெரியும். முன்னால் கடல், பின்னால் இன்னொரு லாரி, நடுவில் பசி. அவனுக்கு எதிரே என் மகன் மீன் சாப்பாட்டுக் கடை திறக்கிறான். சாப்பிட ஆள் தேடி எங்கேயும் போக வேண்டாம், ஆட்களைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கல்லாவில் உட்காரச் சொன்னாய். எனக்கு எதற்கு அது? வெளியே புங்க மரத்தடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நான் ஆள் கூப்பிடுகிறேன் என்றேன். வண்டியிலிருந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் போதும். "வா நைனா, வஞ்சிரம் கீது, சுறாப் புட்டு கீது, உள்ளாற வா" என்பேன். வருவான். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் எதிர்ச் சுவரில் அந்தப் பெரிய வெள்ளை போர்டு. சிவப்பு எழுத்து, மேலிருந்து கீழ் வரை வரிவரியாக. பார்க்கவே அம்சமாக இருந்தது. அது சாப்பாட்டுப் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பாபு. ஹோட்டல் சுவரில் வரிவரியாக எழுதியிருந்தால் வேறு என்னவாக இருக்கும்? நான் சாப்பிட்ட ஹோட்டல்களில் எல்லாம் அதுதான் இருந்தது. அதனால் வருகிறவன் தோளைத் தொட்டு, போர்டைக் காட்டி, "எல்லாம் அதுல போட்டுகீது பாரு. உனுக்கு இன்னா வோணுமோ வெக்கப்படாம கேளு, கடை என் புள்ளைதுதான்" என்று பெருமையாகச் சொல்வேன். அவன் தலையை நிமிர்த்திப் படிப்பான். பாதி படிக்கும்போதே முகம் ஒரு மாதிரி ஆகும். என்னை ஏற இறங்கப் பார்ப்பான். "இன்னா பெர்சு, நக்கலா?" என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு வெளியே போய், தள்ளுவண்டியில் நின்றபடி சாப்பிடுவான். எனக்கு ஒன்றும் புரியாது. சுறா பிடிக்காதோ? வஞ்சிரம் இன்னும் பெரிதாக வேண்டுமோ? ஒரு நாள் உன்னிடம் வந்து, "வேற மீனு எதுனா போடேன்டா" என்றுகூடச் சொன்னேன். நீ மறுநாள் கொடுவா வாங்கி வந்தாய். அதையும் சாப்பிட ஆள் இல்லை.

வியாசர்பாடி தாஸை உனக்குத் தெரியும். என் வண்டியில் கிளீனராக இருந்தவன், இப்போது கண்டெய்னர் ஓட்டுகிறான். அவனையும் ஒரு நாள் கூட்டி வந்து அதே மாதிரி போர்டைக் காட்டினேன். கடைசி வரைக்கும் பொறுமையாகப் படித்துவிட்டு, "அண்ணாத்தே, இதுல சோறு எங்க போட்டுகீது?" என்றான். "எல்லாந்தான் போட்டுகீதேடா, கண்ணு தெர்லியா?" என்றேன். "கண்ணு நல்லாத்தான் தெர்து. கோர்ட்டுல கூண்டுல ஏத்துன மாரி கீது எனுக்கு. அத்த பண்ணாத, இத்த பண்ணாத, இங்க குந்தாத. சாப்ட்டா எத்தினி மாசம் உள்ள போடுவாங்கன்றத மட்டும்தான் வுட்டுட்டாங்க" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தாஸ் எப்போதும் இப்படித்தான், வாய்க்கொழுப்புப் பிடித்தவன். அவன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் நானும் சிரிப்பை நிறுத்திவிட்டு போர்டை நிமிர்ந்து பார்த்தேன்.

அன்றைக்கே உன் அக்காவை வரவழைத்து போர்டைப் படிக்கச் சொன்னேன். அவள் படிக்கப் படிக்க நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வெளி உணவு, வெளித் தண்ணீர் கூடாது. கைலி கட்டியவர்கள் ஏசி ஹாலுக்குள் வரக் கூடாது. ஒரு சாப்பாட்டை இருவர் பகிரக் கூடாது. போனுக்கு சார்ஜ் போடக் கூடாது. மேசையில் ஒட்டியிருக்கும் படத்தைப் போனில் பிடித்துத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். "சார்ஜ் இல்லாத போன்ல எப்பிடிம்மா படம் புடிக்கிறது?" என்று கேட்டேன். "அத்த உன் புள்ளையாண்ட கேளு, இங்க எழுதல" என்றாள். இத்தனை நாளும் நான் ஆட்களை வாசலில் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போய், "உனக்கு என்ன வேண்டுமோ கேள்" என்று இதைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது உன்னிடம் கேட்டேன். உனக்கு நினைவிருக்கும். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "கைலி கட்னவன் இன்னாத்துக்குடா உள்ள வரக் கூடாது?" "நைனா, ஃபேமிலி வருவாங்க." "எந்த ஃபேமிலி?" "வருவாங்க நைனா." "இங்க லாரிதானடா கீது." "ஏசி போட்ட கடை நைனா, ஃபேமிலி வந்தாதான் கட்டும்." சரி என்றேன். இருவர் ஒரு சாப்பாடு சாப்பிட்டால் என்ன என்று கேட்டேன். "ஒரு சாப்பாட்ட வாங்கிட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சோறு கேக்குறானுங்க. அண்டா காலி ஆவுது. நான் இன்னா பண்ண, சொல்லு?" அதுவும் சரிதான். வெளித் தண்ணீருக்குக் கேட்டேன். "பாட்டில்ல கீறது தண்ணியா இன்னானு எனுக்கு எப்பிடித் தெரியும்? போன மாசம் ஒருத்தன் மேசையிலயே வாந்தி எடுத்தான், நீதான பாத்த?" பார்த்தேன். அதைக் கழுவிவிட்ட அம்மா மறுநாள் வேலைக்கு வரவில்லை என்பதும் தெரியும். போன் படம் எதற்கு என்றால், மீன் தினமும் மாறுகிறது, தினமும் அட்டை அடிக்க முடியாது என்றாய். ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் பதில் இருந்தது, ஒன்றைக்கூட என்னால் தட்டிப் பேச முடியவில்லை. ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் வண்டியை நிறுத்துகிறவனுக்கு ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. எல்லாவற்றையும் தாண்டிப் போய்ச் சேரும்போது வண்டியில் ஏற்றிய தக்காளி அழுகிவிடுகிறது. யாரைக் குற்றம் சொல்வது?

ஒரே ஒரு வரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சாப்பிடும்போது பாதியில் எழுந்து வெளியே சென்றால் இலை எடுக்கப்படும்." அந்த வரிசை எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும். நாள் பூராவும் அசையாது. நீ சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுக்கும்போது அசையும். எழுந்து ஓடாவிட்டால் பின்னால் நிற்கிறவன் ஹாரனை அமுக்குவான், பக்கத்து வண்டி மூக்கை நுழைத்துவிடும், பிறகு உன் இடம் போனது போனதுதான். அதற்காகவே இந்தப் பக்கத்துக் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. டிரைவர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரை இலை ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடுவான். கவிழ்த்த டம்ளர் இருந்தால் ஆள் வருவான் என்று அர்த்தம். அந்த இலையை யாரும் தொடமாட்டார்கள். ஒரு தடவை ராயபுரத்தில் ஓர் அம்மா நடத்திய கடையில் நான் அப்படி எழுந்து ஓடினேன். அன்றைக்கென்று வரிசை கடகடவென்று போய், கேட்டையும் தாண்டி, லோடு இறக்கி முடித்து நான் திரும்பும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். என் இலை அதே இடத்தில் இருந்தது, மேலே ஒரு பேப்பர் மூடியிருந்தது. "இன்னாய்யா, உன்னியும் சேத்துக் கப்பல்ல ஏத்திட்டாங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லி, காய்ந்த சோற்றை வழித்துப் போட்டுவிட்டு, அதே இலையில் சூடாகப் போட்டார் அந்த அம்மா.

உன் அம்மாவுக்கு இந்தக் கதையை நான்தான் சொன்னேன். அதை அவள் உன்மேல் பிரயோகித்தாள். நீ சின்ன வயதில் சோற்றில் கை வைத்திருப்பாய், தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டிச் சத்தம் கேட்கும், அப்படியே ஓடிவிடுவாய். அத்திப்பட்டுக்குப் போகிற கரி வண்டி, சீக்கிரத்தில் முடியாது. கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாய். நான் தட்டை எடுக்கப் போனால் அவள் என் கையைத் தட்டிவிட்டு, உன் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, "எடுக்காத, ஆளு வரும்" என்பாள். ஒவ்வொரு தடவையும் நீ வந்தாய்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு டீ ஆறும் வரைக்கும் காத்திருந்து, "அந்த எலை வரி எதுக்குடா?" என்று கேட்டேன். நீ என்னை விநோதமாகப் பார்த்தாய். "நைனா, அது நீ சொன்னதுதான்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. கடை திறந்த புதிதில் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு மேசையில் பாதிச் சோற்றோடு இலை, மேலே ஈ. "இன்னாடா இது கலீஜா கீது, ஏந்து போனா எட்த்துட வேண்டியதுதான?" என்று கத்தினேன். டம்ளர் கவிழ்ந்து இருக்கவில்லை, அதனால் அவன் சாப்பிட்டு முடித்துப் போய்விட்டான் என்று நினைத்தேன். உன் கடையில் டம்ளரே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. எல்லாம் பேப்பர் கப். அதைக் கவிழ்த்தால் ஏசிக் காற்றில் பறந்துவிடும். நான் சொன்னதை நீ உடனே போர்டில் ஏற்றிவிட்டாய். இந்த வயது வரைக்கும் நான் சொன்ன எத்தனையோ விஷயத்தைக் காதில் வாங்காதவன், இந்த ஒன்றைத்தான் வாங்கியிருக்கிறாய். இதற்கு சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒருவன் பாதியில் எழுந்து ஓடி, வண்டியை நகர்த்திவிட்டு வந்தான். வந்து கையைக் கழுவினான். திரும்பிப் பார்த்தால் மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஈரக் கையோடு அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்ணாடிக் கதவு வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனான். நான் கூப்பிட்டுத்தான் அவன் உள்ளே வந்திருந்தான்.

மற்ற வரியெல்லாம் உன்னுடையது, நீ வைத்துக்கொள். இந்த வரி என்னுடையது, இதை நான் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. உன் அக்காவிடம் அது எந்த வரி என்று பேச்சுவாக்கில் கேட்டேன். கடைசியிலிருந்து இரண்டாவது என்றாள். பஞ்சர் கடையில் பம்பருக்கு அடிக்கிற கறுப்பு பெயிண்ட் வாங்கினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நீ காசிமேட்டுக்கு மீன் பார்க்கப் போனாய், சப்ளையர் பின்பக்கம் படுத்திருந்தான். ஸ்டூலில் ஏறினேன். இந்த வயதில் ஏறக் கூடாதுதான். கீழேயிருந்து எண்ணி, இரண்டாவது வரியை ஒரு எழுத்து தெரியாமல் சுத்தமாக அடித்துவிட்டு இறங்கினேன். பம்பர் அடிக்கிற கை, வழியவே இல்லை.

மறுநாள் தாஸைக் கூப்பிட்டேன். "இப்ப வாடா, அந்த வரிய எட்த்தாச்சி." அவன் போர்டைப் பார்த்து, "ஆமா அண்ணாத்தே, ஒண்ணு கொறஞ்சிகீது. தண்டன கொறப்பு" என்றான். உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான். மத்திக் குழம்பை இரண்டு தடவை கேட்டான். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்தவன், கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையில் தலையைச் சாய்த்தான். அவ்வளவுதான், குறட்டை. சப்ளையர் எழுப்பப் போனான். போர்டை நிமிர்ந்து பார்த்தான், அந்த வரி இல்லை, திரும்பிப் போய்விட்டான். அப்போது பார்த்து வரிசை நகர்ந்தது. தாஸின் வண்டி மட்டும் நடுரோட்டில் நின்றது. பின்னால் எர்ணாவூர் வரைக்கும் ஹாரன். போலீஸ்காரர் வந்து லத்தியால் வண்டிக் கதவைத் தட்டி, பிறகு உன் கண்ணாடிக் கதவைத் தட்டி, உன்னை எல்லார் முன்னாலும் கேட்ட கேள்வியெல்லாம் கேட்டார். நீ நிமிர்ந்து போர்டைப் பார்த்தாய். உன் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நான் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். பயந்துகொண்டு வாயை மூடியிருந்தேன் என்று நினைக்காதே. இலை வரியை அழித்தால் இவன் ஏன் தூங்கினான் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. சாயங்காலம் உன் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ நைனா, நீ 'உள்ளே தூங்கக் கூடாது'ன்ற வரிய அழிச்சிட்ட. அடியில 'இப்படிக்கு நிர்வாகம்'னு கீது. அத்தயும் சேத்து எண்ணிகீற." நிர்வாகம் என்றால் யார் என்று கேட்டேன். "பாபுதான்" என்றாள். இப்போது எழுதும்போதும் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள், அதையும் எழுது என்றால் எழுதுகிறாள்.

ஆகவே பாபு, உன்னை அவமானப்படுத்த எவனும் அதைச் செய்யவில்லை. தாஸ் நேற்று என்னைப் பார்த்து, "உன் புள்ள கைல சொல்லு அண்ணாத்தே, தூங்குனது என் தப்புதான். ஆனா அந்த மத்திக் கொழம்பு மெய்யாலுமே நல்லா கீது. போர்டு கண்ணுல படாத மாரி ஒரு மூல இருந்தா சொல்லு, டெய்லி வரேன்" என்றான். அந்தத் தூங்குகிற வரி வேண்டிய வரிதான் என்று நானே கண்ணால் பார்த்துவிட்டேன். இலை வரி வேண்டாத வரி என்பதும் கண்ணால் பார்த்ததுதான். மற்ற வரிகளில் எது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் துபாய் என்று சொல்லியிருக்கமாட்டாய். அங்கேயும் ஒரு சுவர் இருக்கும், அதில் ஒரு போர்டு இருக்கும், அதற்கு அடியில் வேறு யாரோ ஒரு நிர்வாகம். அது உனக்கு நிம்மதி என்றால் போ. டிரைவர்கள் உன்மேல் கரி பூசினார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பெயிண்ட் டப்பாவில் இன்னும் மிச்சம் இருக்கிறது. நாளைக்கு என்னோடு வந்து, அந்த இலை வரி எது என்று விரலை வைத்துக் காட்டு. எண்ணிக்கையெல்லாம் வேண்டாம், விரலை வை. நான் அடித்துவிடுகிறேன். தூங்குகிற வரியை நீ திரும்ப எழுதிக்கொள். உன் அம்மா வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள் பரணில் கிடந்தன, அந்தக் காலத்து கனம். உன் அக்காவை விட்டு இறக்கித் துலக்கி, சாக்கில் கட்டிப் படிக்கட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கடைக்கு எடுத்துப் போனாலும் சரி, வேண்டாம் என்றால் திரும்ப ஏற்றிவிடலாம். அதில் ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், அது உனக்குக் கிடையாது. நீ சின்ன வயதில் குடித்தது, விளிம்பில் உன் பல் பட்ட தடம் இருக்கிறது. நீ போவதாக இருந்தால், இந்த வீட்டில் உன் தட்டுக்குப் பக்கத்தில் அதைக் கவிழ்த்து வைப்பேன். யாராவது எடுக்க வந்தால், "எடுக்காத, ஆளு வரும்" என்று சொல்ல உன் அம்மா இல்லை. நான் இருக்கிறேன்.